இரண்டு பஞ்சாங்கம், ஒரு மண்டபம்

மென்பொருளை எழுதி முடித்துக் கொடுப்பவனுக்கு என்றாவது ஒருநாள் வேலை தீரும்; அதில் பிறர் வந்து செருகிக்கொள்ள இடம் விட்டுக் கட்டுபவனுக்குத் தீராது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருத்தணியில் நானும் வசந்தியும் கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவு மென்பொருள் செய்தோம். அடிப்படை ஒன்றுதான், ஒவ்வொரு மண்டபத்தின் தனித் தேவையும் ப்ளகினாக, அதாவது செருகுநிரலாக, மேலே சேரும். முதலில் அமைந்தது ஒரே மண்டபம். அதன் உரிமையாளர் இரண்டு மாதம் பார்ப்பதாகச் சொன்னார். அவர் வேண்டாம் என்றால் நாங்கள் கடையை மூட வேண்டியதுதான்.

மேடையும் சமையலும்

செருகுநிரல் என்றால் என்னவென்று உரிமையாளருக்குப் புரியவைக்க அரை நாள் ஆனது. கடைசியில், மேடையும் கூடமும் உங்களுடையது, சமையலும் மேளமும் வெளியாட்கள், அதுபோலத்தான் என்றேன். அவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆங், புரியுதுங்க. சமையல்காரன் வந்து மேடைய இடிக்காம பாத்துக்கினா போதும்."

மாறும் வாசல்

செருகுநிரல் எந்தெந்த இடத்தில் உள்ளே நுழையலாம் என்று வாசல்கள் வைத்தேன்: பதிவுக்கு முன் ஒன்று, பின் ஒன்று, ரத்துக்கு ஒன்று. எதுவும் திருப்தியாக இல்லை. பஸ்ஸில் யோசிப்பேன், இறங்கியதும் மாற்றுவேன். மாற்றினால் வசந்தி எழுதிய செருகுநிரல்கள் அத்தனையும் நின்றுபோகும். மூன்றாவது முறை, கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்தவள் தோள்பையைக்கூட இறக்கவில்லை.

"வாரத்துக்கு ஒரு தபா வாசல மாத்திக்கினே இருந்தா, நான் எப்டிண்ணா உள்ள வர்றது?"

பூட்டு

இங்கே பாதி வீடுகளில் தெலுங்கு. தமிழ்க் குடும்பங்கள் ஆடியில் கல்யாணம் வைக்காது. தெலுங்குக் குடும்பங்கள் அவர்களுடைய ஆஷாட மாதத்தில் வைக்காது; அது ஆடிக்கு முன்பே தொடங்கி, முன்பே முடிந்துவிடும். வசந்தி இரண்டுக்கும் தனித்தனிச் செருகுநிரல் எழுதினாள். இரண்டில் எது மறுத்தாலும் தேதியைப் பூட்டிவிடு என்று விதி வைத்தவன் நான். பாதுகாப்பு என்று நினைத்தேன். மறுநாளே உரிமையாளரின் போன்.

"பக்கத்து மண்டபத்துல தேதி குடுத்துகினு இருக்கான். என்னுத மட்டும் ஒன்றரை மாசம் பூட்டி வெச்சிருக்கீங்களே சார், யார் சொன்னது?"

பெண்ணின் அப்பா

ஓடினேன். ஆந்திராவில் நகரிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் உரிமையாளரின் எதிரே உட்கார்ந்திருந்தார். மகளுக்கு ஆஷாடத்துக்கு அடுத்த ஸ்ராவண மாதத்தில் முகூர்த்தம். தெலுங்குக்கு நல்ல நாள், தமிழுக்கு இன்னும் ஆடி. திரையில் அந்தத் தேதி சிவப்பாகப் பூட்டிக் கிடந்தது. அந்த ஒரு தேதியை மட்டும் அடிப்படை மென்பொருளில் கைவைத்துத் திறந்துவிடலாம்; நாளைக்கு இன்னொருவர் வருவார். நான் நாற்காலியில் நிலைகொள்ளாமல், இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போனால்தான் திறக்கும் என்று விளக்கினேன். பெண்ணின் அப்பா எழுந்து செருப்பைத் தேடினார்.

"ரெண்டும் ஒத்துக்கணும்னா எங்கூர்ல யாருக்கும் கல்யாணமே ஆயிருக்காது நைனா. நாள் நான் குறிச்சுகினேன். நீ மண்டபத்த மட்டும் தொற."

யோசனை மட்டும்

அவரைக் காபி குடிக்கச் சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து விதியை மாற்றினேன். செருகுநிரல் யோசனை சொல்லலாம், பூட்ட முடியாது. திரையில் இரண்டு வரி வந்தது: தமிழில் ஆடி, தெலுங்கில் நல்ல நாள். கீழே பதிவுப் பொத்தான். உரிமையாளர் இரண்டையும் படித்தார், பெண்ணின் அப்பாவைப் பார்த்தார், அழுத்தினார்.

"இது இருக்கட்டும் சார், ரெண்டு மாசம் கழிச்சும் இருக்கட்டும். ஆனா அந்தப் பொத்தான் எங்கிட்டயே இருக்கணும்."

அன்றிலிருந்து எங்கள் செருகுநிரல் எதற்கும் மறுக்கும் அதிகாரம் இல்லை. அது முழுவதும் வாடிக்கையாளர்களிடம் போய்விட்டது, அவர்களும் அதை ஒருநாள் விடாமல் எங்கள் மேல் பயன்படுத்தி வருகிறார்கள்.