அவள் விற்காத வாட்ச்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் பட்டு நெய்வது என் மனைவி. நான் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். சென்ற மாதம் தறியில் இருந்தபோதே அவளுக்கு மயக்கம் வந்துவிட்டது. நாடித்துடிப்பைக் கவனிக்கச் சொன்னார் டாக்டர். ஸ்மார்ட் வாட்ச் ஒன்றைக் கட்டிவிட்டால் பள்ளியிலிருந்தே போனில் பார்க்கலாமே என்று கடைக்குப் போனேன்.

இரண்டு வாட்சுகளை எடுத்து வைத்துக் குழம்பிக்கொண்டிருந்தேன்.

“யாருக்கு சார்?” என்றாள் விற்பனைப் பெண்.

“எங்க வீட்டம்மாவுக்கு. தறியில இருக்கும்போது கட்டணும்.”

“தறியில வளையல் போட்டுக்குவாங்களா?”

“போடாம எப்படிம்மா?” என்றேன், சற்று எரிச்சலாக.

அவள் இரண்டு வாட்சுகளையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“எங்க அம்மாவும் நெய்யிறவங்கதான் சார். இழை மாட்டி அறுந்துடும்னு வளையலைக் கழட்டி வச்சிட்டுத்தான் உட்காருவாங்க. இதையும் கழட்டித்தான் வைப்பாங்க. வீட்ல ஒரு தபா பாத்துட்டு வாங்க. அப்பவும் வேணும்னா தரேன்.”

விற்க வேண்டியவளே வேண்டாம் என்கிறாளே என்று வியந்தபடி வீடு திரும்பினேன்.

மனைவி நெய்துகொண்டிருந்தாள். கைகள் வெறுமையாக இருந்தன. வளையல்கள் தறிக்குப் பக்கத்துச் சுவரில், ஓர் ஆணியில் தொங்கின.

“என்னாங்க, அப்படிப் பாத்துக்கினு நிக்கிறீங்க?”

கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள் என்று அந்த ஆணியை அடித்தவன் நான்தான். எதற்கு என்று கேட்கவில்லை. பத்தொன்பது வருடங்களாக அதைப் பார்க்கவும் இல்லை.