தலைக்குள் ஒரு சுண்ணாம்புக் கட்டி

எனக்கு இருப்பது வருத்தமா, நோயே இல்லையா என்று இன்றுவரை ஒருவரும் தெளிவாகச் சொன்னதில்லை. உருத்திரபுரத்தில் காணி கிடைத்து வந்த நாலாம் வருஷம், வரம்பு வெட்டிக்கொண்டு நின்றவன் வலிப்பு வந்து வயலுக்குள் விழுந்தேன். பக்கத்துக் காணிக்காரர் ஓடிவந்து தூக்கியிராவிட்டால் அரையடித் தண்ணீரில் கதை முடிந்திருக்கும்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் தலையை நாலு பக்கமும் திருப்பி எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது காதுக்கு மேலே, மூளைக்குள், புளியங்கொட்டை அளவில் வெள்ளையாக ஒன்று. சுண்ணாம்புபோல இறுகின கட்டி, புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, கனகாலமாக இருந்திருக்கும் என்றார். பெயரைக் கேட்டேன். இப்படியொன்றைப் பார்ப்பதே அரிது, என்னவென்று தனக்கும் சரியாகத் தெரியாது என்றார். வெட்டினால் இடது கை விளங்காமல் போகலாம், விட்டால் ஒன்றும் செய்யாமலே கிடக்கலாம். வலிப்பு வராமலிருக்கத் தந்த குளிசையை விழுங்கிக்கொண்டு ஆறு மாதத்தில் வரச் சொன்னார். அதற்குள் வளராவிட்டால் பயமில்லையாம்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சந்தோஷப்படுவதா, போகாமல் உள்ளேயே குந்தியிருக்கிறது என்று அழுவதா? ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து நான் விட்ட பிழை, சுண்ணாம்பு என்று வாய்விட்டுச் சொன்னது. மனைவி முதலில் என் வெற்றிலைத் தட்டத்தை ஒளித்தாள். பிறகு குசினிக்குள் போய்க் கேத்தலை எடுத்து வந்து உள்ளே காட்டினாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கொதித்து அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. கரண்டியால் சுரண்டினாலும் வராது.

"இதைத்தானே நாலு வருஷமாக் குடிச்சனீங்கள்," என்றாள்.

அடுத்த நாளிலிருந்து எனக்கு மட்டும் பெரிய வாய்க்கால் தண்ணீர். போக ஒரு மைல், வர ஒரு மைல், குடத்தோடு அவளே நடந்தாள். கரையில் வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று என்னை அந்தப் பக்கமே விடமாட்டாள். அவளுக்கு அப்போது இரண்டாம் மாதம். அவள் குடித்தது அதே கிணற்றுத் தண்ணீரைத்தான். நான் சத்தம் போட்டேன், குடத்தை ஒளித்தேன், ஒருநாள் முழுக்கக் குடிக்காமலே இருந்தேன். மச்சானோ, என் மண்டைக்குள் ஏதோ இருக்கிறதென்று இப்போதாவது தெரிந்ததே என்று பகிடி விட்டான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் தண்ணீரில் எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

ஆறு மாதம் கழிந்து எடுத்த படத்திலும் கட்டி அதே அளவுதான். டொக்டர் சிரித்து, வீட்டுக்குப் போய் வேலையைப் பார் என்றார். நான் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். கேத்தலில் படிவதற்கும் மூளையில் இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். கட்டி வளராததைவிட இதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். எட்டாம் மாத வயிற்றோடு அவள் இனிக் குடம் தூக்கத் தேவையில்லை.

"வளரேல்லையே?" என்றாள், நான் வீட்டுக்கு வந்ததும். "அப்ப தண்ணி வேலை செய்யுது."

டொக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"அது என்னவெண்டு அவருக்கே தெரியாதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். என்னவெண்டு தெரியாதவருக்கு, தண்ணியால வரேல்லை எண்டு மட்டும் எப்பிடித் தெரியும்?"

சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் எடுத்தாள். கோபத்தில், வழியில் விழுந்தால் பிள்ளையும் தாயுமாகப் போவீர்கள் என்று கத்திவிட்டேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். அந்த ஆறு மாதத்தில் முதல் தடவையாக அழுதாள்.

"தண்ணியால ஒண்டுமில்லையெண்டால், நான் உங்களுக்கு என்னத்தைத்தான் செய்யிறது?"

நான் குடத்தை எடுத்துத் தோளில் வைத்தேன். வேண்டுமென்றால் நீயும் கூட வா, ஆனால் தூக்குவது நான்தான் என்றேன். வாய்க்கால்வரை அவள் என் பின்னாலேயே வந்தாள். தண்ணீர் மொள்ள நான் குனிந்தபோது, அவள் பின்னால் நின்று என் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.