பனிக்காற்றில் ஈரம் பிடிக்கப் போன வருஷம்

எண்பதுகளின் தொடக்கத்தில் வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். தென்துருவத்துக்குப் போகும் குழுவில் என்னையும் சேர்த்தபோது மனைவிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து அவளைப் பாகூரில் அவள் அப்பா வீட்டில் விட்டேன். தென்துருவக் காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிடித்துவரப் போகிறேன் என்று சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"காத்துல இருக்குற தண்ணியப் புடிக்க அவ்ளோ தூரம் போவணுமா? ஏரிக்கரையில நின்னா போதாதா?"

தண்ணீரிலும் கனமானது, லேசானது என்று உண்டு. பனிக்கு மேலே இருக்கும் ஈரத்தில் எது எவ்வளவு என்று அளந்தால் அது எந்தக் கடலிலிருந்து வந்தது என்று தெரியும் என்றேன். பிரசவத்துக்குள் வந்துவிட முடியுமா என்று மட்டும் கேட்டாள். முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அங்கே காற்று வறண்டு கிடந்தது. கடுங்குளிரில் வைத்த கண்ணாடிக் குழாய் வழியே பம்பு காற்றை இழுக்கும். ஈரம் குழாயின் உட்சுவரில் வெள்ளையாக உறையும். அரை நாள் ஓடினால்தான் சில சொட்டு சேரும். அதை உருக்கிக் குப்பியில் அடைப்போம். எங்கள் மூச்சு கலந்துவிடாதபடி, குழாயைத் தாண்டிக் காற்று போகும் பக்கமாகத் தள்ளியே நிற்போம்.

அப்படி நின்றிருந்தபோதுதான் குழுத்தலைவர் வயர்லெஸ் கூடாரத்திலிருந்து நடந்து வந்தார். பெண் குழந்தை, பிறக்கும்போதே உயிரில்லை, தாய்க்கு ஆபத்தில்லை என்றார். தலையாட்டினேன். அவர் போனதும் பம்புக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டு அழுதேன். கூட இருந்த மலையாளத்துக்காரர் பம்பை நிறுத்திவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குக் குழாயில் உறைந்ததில் என் மூச்சும் கலந்திருந்தது. அதைக் கீழே கொட்டினோம்.

கப்பல் புறப்பட இன்னும் பல வாரங்கள் இருந்தன. மறுநாளும் பம்பை ஓட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பங்குனியில் பாகூர் போய்ச் சேர்ந்தேன். தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொண்டதாம். மாமனார் கொல்லைப் பக்கம் பார்த்தபடியே கேட்டார்: "மாப்ள, எடத்தப் பாக்குறீங்களா?"

கரும்பு வெட்டிய நிலத்தின் மூலையைக் காட்டினார். புதைத்த மண் மட்டமாகிவிட்டிருந்தது. சுற்றிலும் வெட்டிய அடியிலிருந்து கட்டைக்கரும்பு துளிர்த்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மிகவும் இளைத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மூக்கு அப்படியே உங்க மூக்குதான்" என்றாள்.

ஆனியில் என்னோடு வடக்கே வந்தாள். கொண்டுவந்த குப்பிகளை அந்த மாதம்தான் கருவியில் ஏற்றி அளந்தோம். அந்த ஈரம் பனியிலிருந்து எழுந்ததல்ல, வெகுதூரத்து வெதுவெதுப்பான கடலிலிருந்து வந்தது என்று முடிவு கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்ததை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டு, "மறுபடியும் கூப்ட்டா போவீங்களா?" என்று கேட்டாள்.

போகமாட்டேன் என்றேன். அடுத்த முறை கூப்பிட்டபோது வேறொருவர் போனார். எங்களுக்கு அதன்பிறகு குழந்தை பிறக்கவில்லை.