பூஜையில் வைத்த ஸ்பேனர்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் விழுப்புரம் ஜங்ஷனில் டிரெயின் லைட்டிங் பிரிவில் ஃபிட்டர். ரயில் பெட்டிகளுக்கு அடியில் இருக்கும் பாட்டரிகளைச் சோதிப்பது, அறுந்த டைனமோ பெல்ட்டை மாற்றுவது, காணாமல் போன பல்புக்கு வேறு பல்பு போடுவது, இவ்வளவுதான் வேலை. ரயில் என்றால் ஊருக்கு இன்ஜின் ஞாபகம் வரும். எங்களுக்கு இருபத்துநாலு வோல்ட் ஞாபகம் வரும்.

ஆயுத பூஜைக்கு இன்ஜின் ஷெட்காரர்கள் நிஜ இன்ஜினுக்கே வாழைமரம் கட்டி, மாலை போட்டு, பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் பிரிவின் பக்கம் எட்டிப் பார்க்க நாதி கிடையாது. சும்மா இருக்க மாட்டாத வாய் எனக்கு. "இந்த வருஷம் நாமளே ஒரு ரயில் செஞ்சி லைட்டு போடுவோம்" என்று சொல்லித் தொலைத்தேன். சொன்னவன் தலையிலேயே கட்டினார்கள்.

எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் பயன்படாமல் கிடந்த ஒரு தண்டவாளத்தில் இரண்டு டிராலிகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் பிளைவுட்டில் ஒரு இன்ஜின், மூன்று பெட்டிகள். அந்தப் பக்கம் கரண்ட் கிடையாது. ஓடும் பெட்டிகளுக்கு இனி உதவாது என்று கழித்துப் போட்ட பாட்டரிகளில் கொஞ்சம் உயிருள்ள செல்களாகப் பன்னிரண்டு பொறுக்கி, ஒன்றோடு ஒன்றைத் தொடராகக் கோத்து டிராலிக்கு அடியில் வைத்தேன். ஒரு செல் இரண்டு வோல்ட், பன்னிரண்டும் சேர்ந்தால் இருபத்துநாலு. எல்லா விளக்கையும் ஒரேயடியாக எரித்தால் கிழட்டுச் செல்கள் ஒரு மணி நேரத்தில் வாயைப் பிளந்துவிடும். ஆகவே ஜன்னல் விளக்குகள் ஒரு சுவிட்சில், சக்கர விளக்குகள் இன்னொன்றில், இன்ஜினின் பெரிய முகவிளக்கு ஆரத்தி நேரத்துக்கு மட்டும் தனியாக.

சக்கரம்தான் என் பெருமை. ஒவ்வொரு சக்கரத்தைச் சுற்றியும் ஆறு சின்ன பல்புகள். ஒரு மர உருளையில் பித்தளைத் தகடுகளைச் சரிவாக அடித்து, அதன்மேல் உரசும்படி கம்பி விரல்களைப் பொருத்தி, ஒரு கைப்பிடி வைத்திருந்தேன். கைப்பிடியைச் சுற்றினால் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணையும். தூரத்தில் நின்று பார்த்தால் சக்கரம் உருள்வது போலவே இருக்கும்.

இத்தனை ஆட்டத்துக்கும் நடுவில் என் மனைவி திண்டிவனத்தில் தாய்வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அப்போது நான் டூட்டியில் இருந்தேன், எல்லாம் முடிந்தபிறகுதான் போய்ச் சேர்ந்தேன். இந்த முறை அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வலி வந்துச்சின்னா வாசல்ல வந்து நில்லுங்க, போதும்." வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

பூஜையன்று பிற்பகல், திண்டிவனம் ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்த என் மாமனார் ரயில்வே போனில் சேதி சொல்லி அனுப்பினார். வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. அடுத்த வண்டி ஏழு மணி பாசஞ்சர். அதை விட்டால் விடியற்காலைதான். ஆறரைக்குள் நாங்கள் அழைத்திருந்த அதிகாரி வந்து ஆரத்தி முடிந்துவிடும், முகவிளக்கைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஐந்து மணிக்கு ஷெட்டில் பூஜை. ஸ்பேனர், கொறடு, ஸ்க்ரூ டிரைவர், பாட்டரி அமிலத்தைச் சோதிக்கும் கண்ணாடிக் குழாய் என்று ஒன்று விடாமல் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாகப் படுக்கவைத்தோம். வைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. ஒரு மணி நேரத்தில் அதே ஆயுதத்தை நம்பி ஒரு ரயிலை எரிய விடப் போகிறோமே, ஒரே ஒரு ஸ்பேனரையாவது வெளியில் வைப்போம் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. பக்தியில் அன்று நாங்கள் ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டிருந்தோம்.

ஆறு மணிக்கு ஜன்னல்கள் எரிந்தன. கூட்டம் "ஹா" என்றது. எனக்கு அதில் மனம் போகவில்லை. மேலே மேகம் கூடியிருந்தது. ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக நின்றேன். அதிகாரியைக் காணோம். அதற்குள் யாரோ நாலு பேர் உற்சாகத்தில் டிராலியைப் பத்தடி தள்ளிவிட்டார்கள். தண்டவாள இணைப்பில் ஒரு குலுங்கு. அவ்வளவுதான், மொத்த ரயிலும் இருண்டுபோனது.

டிராலிக்கு அடியில் புகுந்து செல் செல்லாகத் தடவினேன். ஏழாவது செல்லையும் எட்டாவதையும் இணைக்கும் ஈயப் பட்டையில் போல்ட் தளர்ந்திருந்தது. தொட்டதும் சின்னதாகப் பொறி பறந்தது. தொடராகக் கோத்ததில் ஒன்று விட்டால் பன்னிரண்டும் செத்தது மாதிரி. ஸ்பேனரால் அரைச் சுற்று சுற்றினால் வேலை முடிந்தது. ஆனால் அன்று விழுப்புரத்தில் பூஜையில் படுக்காத ஸ்பேனர் ஒன்றுகூடக் கிடையாது. சைக்கிள் கடைக்கு ஓடினாலும் அங்கேயும் அதன் நெற்றியில் குங்குமம்தான் இருக்கும்.

என்னோடு வேலை செய்த கோட்டக்குப்பத்து பாய் பக்கத்தில் வந்து குனிந்தார். "இன்னாப்பா பேஜாரு?"

"போல்ட்டு லூசு பாய்."

"அவ்ளோதானே. நான் போயி ஸ்பேனரு எடுத்தாறேன். எனுக்கு இன்னா தோஷம் வந்துடப் போவுது? ஜல்தியா முடிச்சிட்டு நீ வண்டியப் புடி."

அவர் எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் பாய். எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடக்குறா."

டீக்கடையில் என் பேச்சைக் கேட்டவர்கள் இதை நம்பமாட்டார்கள். சகுனம், ராகுகாலம், கண்திருஷ்டி எல்லாவற்றையும் கிழித்துத் தோரணம் கட்டுகிறவன் நான். பல்லி சத்தம் கேட்டு நின்றவனை ஒரு வாரம் கேலி செய்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். அன்றைக்கு எனக்குள் ஓடியது ஒன்றுதான். இந்த ஸ்பேனரைத் தொட்டு, அங்கே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆயுள் முழுக்க என் கையையே நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பயமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

விரலால் போல்ட்டைத் திருகினேன், அசையவில்லை. கருங்கல்லால் தட்டினேன், பட்டை இன்னும் நெகிழ்ந்தது. கடைசியில் கைக்குட்டையை மடித்து வைத்துக் கட்டைவிரலால் பட்டையை அழுத்தினேன். விளக்குகள் எரிந்தன. விரலை எடுத்தால் அணைந்தன.

அழுத்திக்கொண்டே மல்லாந்து கிடந்தேன். பாய் உருளையின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார். வெளியே சக்கரம் உருள்வதைப் பார்த்துக் கைதட்டினார்கள். கசிந்த அமிலம் கைக்குட்டையில் ஊறி விரலை அரித்தது, இணைப்புச் சூடேறியது. "வுட்டுட்டுப் போப்பா, லைட்டு போனாப் போவுது" என்று பாய் மேலிருந்து கத்தினார். நியாயமான பேச்சு. ஆனால் ஸ்பேனரைத் தொடப் பயந்தவனுக்கு விளக்கை அணைய விடத் தைரியம் எங்கிருந்து வரும்? அவள் வலியில் துடிக்கும் நேரத்தில் பூஜை விளக்கை நானே அணைப்பதா? வேறொருவன் கைக்கு மாற்றினாலும் நடுவில் ஒரு நொடி அணையுமே. ஒரு பயத்துக்கு இடம் கொடுத்தேன், அது தன் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அதிகாரி ஆறே முக்காலுக்கு வந்தார். ஆரத்தி எடுக்கும்போது பாய் முகவிளக்கைப் போட்டார். அது எரிந்த வேகத்தில் மற்ற விளக்குகள் மஞ்சளாகச் சோர்ந்தன. நான் இன்னும் பலமாக அழுத்தினேன். அப்போதுதான் ஏழு மணி பாசஞ்சர் ஊதியது. டிராலிச் சக்கரத்தின் இடைவெளி வழியாக அதன் பெட்டிகள் வடக்கே போவதைப் பார்த்தேன். காலையில் நானே சோதித்து அனுப்பிய பெட்டிகள், எல்லா ஜன்னலிலும் நல்ல வெளிச்சம். படுத்த இடத்திலேயே அழுதேன்.

விடிந்து திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் மாமனார் பீடியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து பீடியைக் கீழே போட்டார். அந்த இரண்டு நொடியில் எனக்கு உயிர் போய் வந்தது.

"பொம்பளப் புள்ள மாப்ள. ரெண்டு பேரும் பொழச்சிக்கினாங்க. ரொம்ப சிரமமாப் போச்சி."

உள்ளே அவள் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் நானாகவே கொட்டினேன். போல்ட், ஸ்பேனர், பாய் எடுக்கப் போனது, நான் தடுத்தது, வண்டி போனது. காயம்பட்ட விரலையும் காட்டினேன். "உனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் தொடல" என்றேன். அவள் உருகிவிடுவாள் என்று உண்மையாகவே எதிர்பார்த்தேன்.

அவள் குழந்தையின் தலைத்துணியை விலக்கினாள். இரண்டு நெற்றிப் பொட்டிலும் அழுத்தமாகச் சிவந்த தடம்.

"புள்ள வெளிய வர முடியாம நின்னுடுச்சி. இங்கயும்தான் பூஜை போட்டிருந்தாங்க. டாக்டரம்மா போயி, பூஜையில இருந்த இடுக்கிய எடுத்து, வெச்ச பொட்டக் கழுவிட்டு, வெந்நீர்ல போட்டாங்க. அத்தப் போட்டுதான் இவள இழுத்தாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவங்களும் உங்கள மாதிரியே பயந்துக்கினு நின்னிருந்தா?"

நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

"வாசலப் பாத்துக்கினேதான் கெடந்தேன்" என்றாள் அவள்.