பானையடி மணலில் ஒரு ஒயின் பாட்டில்

குடிகாரன் மகளுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. அப்பா வாசல்படி ஏறும்போதே அன்றைக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அதனால் என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் போட்டது ஒரே நிபந்தனைதான்: மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் இருக்கக் கூடாது. நகை, சம்பளம் பற்றியெல்லாம் மற்றவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாய்த்த மனிதரும் அப்படியே இருந்தார். வில்லாபுரத்தில் வீடு கட்டிக் குடிபோன பிறகும், ஆபீஸ் விருந்துகளில் கலர் சோடா மட்டும் குடித்துவிட்டு நேரத்தோடு பஸ் பிடித்து வந்துவிடுவார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு சித்திரை மாதம். நாசிக் பக்கம் வேலை பார்த்த என் கொழுந்தன் லீவுக்கு வந்தான். பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்தான், பெட்ஷீட் எடுத்தான், கடைசியில் துண்டில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்தான். எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

“இந்த வீட்டுக்குள்ள இத எதுக்குத் தம்பி கொண்டாந்தீங்க?”

“மதினி, இது சரக்கு இல்ல, ஒயினு. அங்கிட்டு எங்க பாத்தாலும் திராட்சைத் தோட்டந்தேன். வெயிலுக்கு இதமா இருக்கும்னு லேசான செவப்பு ஒயினாப் பாத்து வாங்கியாந்தேன். அண்ணனும் நீங்களும் சேந்து குடிக்கணும்.”

“நானா?”

என் வீட்டுக்காரர், “உனக்குப் பிடிக்கலன்னா அவன் போகையில எடுத்துட்டுப் போகட்டும்” என்று மட்டும் சொன்னார். குடிப்பேன் என்று அடம்பிடித்திருந்தால் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

கொழுந்தன் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனான். பிரதோஷத்துக்குக் கோயிலில் கொடுக்க வாங்கிய பால் உள்ளே இருந்தது. அதன் பக்கத்திலா? குறுக்கே போய் நின்றுகொண்டேன். வெளியே வைத்தால் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும். அடுக்களை மூலையில் மணலைக் குவித்து அதன்மேல் குடிதண்ணீர்ப் பானையை வைத்திருந்தோம். பானை குளிர்ந்திருக்க அந்த மணலை எப்போதும் நனைத்து வைப்பேன். பாட்டிலை அதற்குள் புதைத்து, மேலே ஒரு ஈரத்துணியையும் போட்டு மூடினேன். ஒளித்து வைப்பதாகத்தான் நினைப்பு.

அது சில நாள் அங்கேயே கிடந்தது. தண்ணீர் மொள்ளப் போகும்போதெல்லாம் கண் அங்கேதான் போனது. பயம்தான், வேறென்ன. ஒரு மிடறு உள்ளே போனதும் இவரும் அப்பாவைப் போலச் சோற்றுத் தட்டை வாசலில் வீசுவாரோ என்று பயம். ஒரு வாய் குடித்து யாரும் அப்படி ஆகிவிட மாட்டார்கள் என்று புத்திக்குத் தெரிந்தது. அடிவயிறு கேட்கவில்லை.

கொழுந்தன் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணித்து, பாய் விரித்து உட்கார்ந்தோம். புழுக்கத்தில் எனக்கு எரிச்சலாக வந்தது. வருவது வரட்டும், என் கண் முன்னாலேயே நடக்கட்டும் என்று நானே கீழே போய் மணலைத் தோண்டிப் பாட்டிலை எடுத்து வந்தேன்.

கொழுந்தன் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “இந்த ஒயின ரொம்பச் சில்லுன்னும் குடிக்கக் கூடாது, வெயில் சூட்டோடயும் குடிக்கக் கூடாதுன்னு கடைக்காரன் சொன்னான். எம்புட்டுப் பக்குவமா வச்சிருக்கீங்க மதினி!”

கோபத்தில் செய்த காரியத்துக்கும் பாராட்டு கிடைக்கும் போலிருக்கிறது.

எவர்சில்வர் டம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினான். முகர்ந்து பார்த்தேன். அப்பாவின் வாடை இல்லை. பன்னீர் திராட்சைக் கூடையைத் திறந்த மாதிரி வாசனை. நாக்கில் பட்டதும் லேசான புளிப்பு, பிறகு பழம், கடைசியில் நாவல்பழம் தின்றது போல ஒரு துவர்ப்பு. தொண்டை எரியவே இல்லை. கடையில் வாங்கிய கறிதோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டே இன்னொரு வாய் குடித்தேன். அந்தக் காரத்துக்கும் வெக்கைக்கும் அது அவ்வளவு நன்றாக இருந்தது. கொழுந்தன் தன் மேனேஜர் பேசும் இந்தியைப் பேசிக் காட்டினான். விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனாலும் என் ஓரக்கண் வீட்டுக்காரரின் கையைவிட்டு நகரவில்லை.

அவர் டம்ளரைக் காலி செய்தார். தம்பி மறுபடி ஊற்ற வந்தபோது, “போதும்டா” என்று சொல்லிவிட்டு எழுந்தார். குடித்துவிட்டு அப்பா எழுந்தால் அடுத்து என்ன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அடுக்களைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள்.

இவர் படியில் இறங்கப் போனவர் திரும்பி நின்றார். “இந்தா, நாளைக்கு மாவாட்டணும்னு சொன்னியே. அரிசிய நான் ஊறப்போட்டுரவா? எம்புட்டுப் போட?”

“அரைப் படி” என்று எப்படியோ சொன்னேன்.

ஃபேன் சத்தம்கூட இல்லாத வீட்டில், கீழே அவர் அரிசி களைவது மாடி வரை கேட்டது. குடித்துவிட்டு எழுந்த ஆம்பளை அரிசி களையும் சத்தத்தை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கேட்டேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கொழுந்தன் பதறிப்போய், “என்ன மதினி, ஒத்துக்கலையா?” என்றான்.

“ஒத்துக்கிருச்சு தம்பி” என்று டம்ளரை நீட்டினேன். “இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க.”