பிஸ்கற் பேணிக்குள் பாதித் துவக்கு

என் அலுமாரியின் அடித்தட்டில், கூறைச்சேலைக்குப் பக்கத்தில், ஒரு நீல நிறப் பிஸ்கற் பேணி இருபத்திரண்டு வருடங்களாக இருந்தது. எங்கள் ஆட்களின் வீடுகளில் இந்தப் பேணிக்குள் பிஸ்கற் இருந்ததை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். ஊசி, நூல், கழன்ற பொத்தான், எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத திறப்பு, இப்படித்தான் ஏதாவது கிடக்கும். என்னுடைய பேணிக்குள் பாதித் துவக்கு இருந்தது. ஒரு சாண் நீளமான உருக்குத் தண்டு. ஒரு பக்கத்தில் வளைந்த கைபிடி, அதன் நுனியில் பாக்கு அளவில் ஒரு குமிழ். துப்பாக்கிக்குள் ரவையைத் தள்ளிப் பூட்டுகிற பகுதி, போல்ட் என்று சொல்வார்கள். இவருடைய பழைய சாரத்தில் கிழித்த துண்டொன்றில் சுற்றி வைத்திருந்தேன். அதன் எண்ணெய் மணம் மெல்ல மெல்லக் கூறைச்சேலைக்கும் ஏறிவிட்டது. யூனியன்வில்லில் ஒரு கல்யாணத்துக்கு அதை உடுத்துக்கொண்டு போனபோது, பக்கத்தில் இருந்த அன்ரி இரண்டு தரம் மூக்கை உறிஞ்சிவிட்டு, வழியில் கார் பழுதாகி நின்றதா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். தாலி கட்டுகிற நேரத்தில் துவக்கைப் பற்றி யார் விளக்கம் கொடுப்பது?

இவர் என்று நான் சொல்வது என் கணவரை. பெயர் சொல்லிப் பழக்கமில்லை. போன மாசி மாதம் அவர் கண்ணை மூடிய பிறகும் பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது. நாங்கள் ஸ்காபரோவில் இருந்தோம், இவருக்கு வேலை ரெக்ஸ்டேலில், உறைந்த சாப்பாட்டுச் சாமான்கள் அடுக்குகிற ஒரு வெயார்ஹவுஸில். கோடை காலத்திலும் தடித்த ஜக்கெற்றுக்குள் புகுந்துகொண்டு ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுவார். அங்கே கூட வேலை செய்த மன்னார் அண்ணைதான் இவரை வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். அண்ணை ஊரில் காட்டுப்பன்றி அடித்தவர். இங்கே வந்தும் ஒவ்வொரு கார்த்திகையும், அதாவது நவம்பரில், நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு சட்பரிக்கு அங்காலுள்ள காட்டில் ஒரு கிழமை முகாம் போடுவார். முதல் வருடம் இவர் சமையல்காரனாகத்தான் போனார். திரும்பி வந்தபோது முகம் சிவந்து, பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். வருடம் முழுக்கக் குளிருக்குள் வேலை செய்கிற மனிதன் லீவு எடுத்துக்கொண்டும் குளிருக்குள்ளேயே போய் இருக்க வேண்டுமா என்று கேட்டேன். “அங்கை ஆரும் என்னை அவசரப்படுத்த மாட்டினம்” என்றார். வெயார்ஹவுஸில் ஒரு நாளைக்கு எத்தனை தட்டுச் சாமான் இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றபடியால் அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் சொந்தமாக ஒரு ரைபிள் வேண்டும் என்றார். பாதுகாப்பு வகுப்புக்குப் போனார், பரீட்சை எழுதினார், லைசென்ஸுக்கான விண்ணப்பத்தைக் கொண்டுவந்தார். இந்த நாட்டில் அந்த விண்ணப்பத்தில் மனைவி கையெழுத்து வைக்க ஓர் இடம் இருக்கிறது. வீட்டுக்குள் துவக்கு வருவது அவளுக்குத் தெரியும் என்பதற்காக. அந்த இடத்தைத்தான் இவர் விரலால் தொட்டுக் காட்டினார்.

எனக்கு இளையவன் ஒருவன் இருந்தான். ஊரில் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் வைத்து அவனைச் சுட்டார்கள். அப்போது நான் குசினிக்குள் நின்றேன். வெடிச்சத்தத்தைவிட, அதற்கு முந்தி வந்த சத்தம்தான் எனக்குள் தங்கிவிட்டது. இரும்பில் இரும்பு உரசிப் பூட்டுகிற சத்தம், ஒரு நொடிதான். யார் சுட்டது, எந்தப் பக்கத்துத் துவக்கு என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இதெல்லாம் இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் கேட்டாரே என்றுதான் எனக்குக் கோபம். “நீர் வேண்டாமெண்டால் வேண்டாம். யோசிச்சுச் சொல்லும்” என்று சொல்லிவிட்டு, விண்ணப்பத்தை ஃபிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டி வைத்தார். மூன்று மாதம் அதைப்பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. பால் எடுக்கப் போனால் அது தெரியும், முட்டை எடுக்கப் போனால் அது தெரியும். கேட்காமலே இருக்கிற மனிதரோடு எவ்வளவு காலம்தான் கோபித்துக்கொண்டிருப்பது? கடைசியில் ஒரு நாள், ஒன்றே ஒன்றுதான், வாழ்நாள் முழுக்க அந்த ஒன்றுதான், பிறகு இன்னொன்று என்ற கதை வரக்கூடாது என்றேன். மன்னார் அண்ணையிடமே நாலு இருந்தது. ஒன்று என்றால் இவருக்கு அலுத்துவிடும், ஆசையும் போய்விடும் என்று என் மனதுக்குள் கணக்கு. இவரோ அந்த நிமிடமே சரி என்றார்.

அந்தப் பனிக்காலம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில் துவக்கு ஆராய்ச்சிதான். கோயில் கலண்டரின் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருப்பார். மான், மூஸ், கரடி மூன்றுக்கும் ஒரே ரைபிள். மூஸ் என்பது மாட்டைவிடப் பெரிய மான் சாதி, அதை விழுத்துகிற பலம் வேண்டும். அதே துவக்கால் சின்ன மானைச் சுட்டால் இறைச்சி சிதறிப் பழுதாகிவிடக் கூடாது. கையுறை போட்ட விரலால் இயக்க வேண்டும், உறைபனியில் இறுகிப்போகக் கூடாது, நாள் முழுக்கத் தோளில் கொழுவிக்கொண்டு நடக்கப் பாரமும் இருக்கக் கூடாது. வேலையிடத்தில் ஆளுக்கு ஒரு புத்தி சொன்னார்கள். ஒருவர் நெம்புகோல் இழுத்துச் சுடுகிற வகைதான் பற்றைக்குள் கொண்டுதிரிய லேசு என்றாராம். இன்னொருவர் தானாகவே அடுத்த ரவை ஏறுகிற வகையை எடு, முதல் வெடி தவறினாலும் மிருகம் தப்பாது என்றாராம். வேறொருவர் ஒரு துவக்கால் எல்லாம் செய்ய நினைப்பது விசர் வேலை, குறைந்தது மூன்று வேண்டும் என்று சிரித்தாராம். மன்னார் அண்ணை மட்டும், நடு அளவான ரவை சுடுகிற ஒன்றை எடு, வடக்கே எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் அந்த ரவை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார். அதற்கு மட்டும் இவர் அடிக்கோடு போட்டிருந்தார்.

ஒரு நாள் நான் விரதச் சமையலுக்குச் சட்டியை இறக்கும்போது, இவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, “உமக்கு மச்சச் சட்டி வேறை, சைவச் சட்டி வேறை. எனக்கு மட்டும் எல்லாத்துக்கும் ஒண்டு” என்றார். பகிடிக்குத்தான். “சட்டி ஆரையும் சாக்காட்டாது” என்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, பனி தள்ள வெளியே போனார். அன்று பனி அவ்வளவு பெய்திருக்கவில்லை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவும் மனம் வரவில்லை.

இளவேனில் பிறந்ததும், நானும் கடைக்கு வருகிறேன் என்றேன். பார்க்காத சாமானுக்குக் கையெழுத்து வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு கடை. விற்பனைக்கு நின்றவர் மரியாதையான மனிதர். என்னை ஒரு கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு மூன்று ரைபிள்களை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். முதலாவதன் நெம்புகோலை இழுத்துக் காட்டினார். அதே சத்தம். நான் எழும்பி, யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றேன். இவர் பின்னால் வந்தார். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டு உள்ளே போனார். பத்து நிமிடம் இருக்கும், திரும்பி வந்து, “ஒருக்கா வந்து பாரும். இனிச் சத்தம் வராது” என்றார்.

மேசையில் ஒரே ஒரு ரைபிள் கிடந்தது. மற்ற இரண்டையும் காணோம். அதற்குப் பக்கத்தில், ஒரு துணியின் மேல், இந்தப் போல்ட். இவர் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. பிறகு ரைபிளைத் தூக்கிப் பின்பக்கத்தால் பார்க்கச் சொன்னார். குழாயின் அடுத்த முனையில் கூரையிலிருந்த ரியூப் லைற் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. “அது உம்மடை கையிலை இருக்கும் மட்டும் இது வெறுங்குழாய். நீர் உம்மடை கையாலை எடுத்துத் தந்தால்தான் இது துவக்கு” என்றார். மற்ற இரண்டையும் இப்படி ஒரு நொடியில் கழற்றிக் கையில் தர முடியாதாம், அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கலண்டர் தாள்களில் இவர் போட்ட கோடுகளில் இப்படி ஒரு காரணம் இருக்கவில்லை. காருக்குள் வந்திருந்து, விண்ணப்பத்தை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பேனை எழுதவில்லை, இரண்டு தரம் உதறிப் போட வேண்டியிருந்தது. லைசென்ஸ் வந்ததும் அந்த ரைபிளையே வாங்கினார். வேலையிடத்தில் கேட்டவர்களுக்கு, குறி தவறாது, பனியிலும் இறுகாது என்று சொன்னாராம். அவையும் உண்மைதான்.

அன்றிலிருந்து ஒரு முறை உண்டாகிவிட்டது. குழாய் நிலக்கீழ் அறையில், பூட்டிய பெட்டிக்குள். போல்ட் என் அலுமாரியில். கார்த்திகையில் புறப்படுகிற அன்று காலை இவர் அறை வாசலில் வந்து நின்று வலது கையை நீட்டுவார். நான் பேணியைத் திறந்து, துணியோடு எடுத்து அந்தக் கையில் வைப்பேன். “வாறன்” என்று சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் சப்பாத்துக் கழற்றுவதற்கு முன்னமே அதைத் துடைத்து என்னிடம் தந்துவிடுவார். பல வருடம் வேட்டைக் காலமும் கந்தசஷ்டியும் ஒன்றாக வந்து விழும். நான் விரதம் இருக்கும்போது இறைச்சி வீட்டு வாசல் மிதிக்காது. அது பாறணை முடியும்வரை மன்னார் அண்ணை வீட்டு ஃபிரீசரில் காத்திருக்கும். அண்ணை வேதக்காரர், அவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆறாம் நாள் இவர் என்னைவிட ஆவலாக முருகனைக் கும்பிடுவார்.

ஊரில் சண்டை முடிந்த வருடம் அந்த முறை பிசகியது. வன்னியில் இருந்த அக்கா குடும்பம் ஓர் அகதி முகாமில் இருப்பதாக ஒருவர் சொல்ல, இல்லை என்று இன்னொருவர் சொல்ல, நான் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். யாராவது கதவை அடித்துச் சாத்தினாலே உடம்பு தூக்கிப் போடும். பிந்தித்தான் அவர்கள் உயிரோடு இருப்பது உறுதியானது. கார்த்திகை பிறந்ததும், மற்றவர்களைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வாக்குக் கொடுத்திருந்ததால் இவர் புறப்பட்டார். வாசலில் வந்து நின்று “வாறன்” என்றார். கையை நீட்டவில்லை. வான் போன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. கீழே பெட்டியில் ரைபிள் இல்லை என்று எங்கள் மகள் பார்த்துவந்து சொன்னாள். எழும்பிப் பேணியைப் பார்க்க எனக்குத் தெம்பும் இல்லை, மனமும் இல்லை. ஒரு கிழமை கழித்து வந்தவர், இந்த முறை ஒன்றும் சரிவரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அப்போது பேணியைத் திறந்தேன். போல்ட் துணி சுற்றியபடி உள்ளே இருந்தது. நான் கவனிக்காத நேரம் தானே எடுத்துக்கொண்டு போய், தானே கொண்டுவந்து வைத்துவிட்டார் என்று விளங்கிக்கொண்டேன். பேணிக்குப் பூட்டில்லை, யாரும் எடுக்கலாம். ஆனால் எடுக்க மாட்டார் என்றுதானே நான் கையெழுத்து வைத்தேன்?

கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அடுத்த வருடம் பழையபடி கையை நீட்டினார், நானும் கொடுத்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ கார்த்திகை வந்து போனது. அவரால் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்றாலும் அந்த ஒன்று மட்டும் பல்லிடுக்கில் சிக்கிய நார் போல என்னோடு கிடந்தது.

இவர் இறந்த பிறகு ரைபிளை லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு மாற்ற வேண்டும் என்று மகள் சொன்னாள். மன்னார் அண்ணையைக் கேட்டோம். எழுபது தாண்டியும் அண்ணை இன்னும் காட்டுக்குப் போகிறார். தாள் வேலைகள் எல்லாம் முடிந்து போன கிழமை வந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வர, கீழேயிருந்து கொண்டுவந்த ரைபிளை மடியில் வைத்து, போல்ட் இல்லாத வெற்று இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“ஒரு முறை தம்பி இதை இப்பிடியேதான் கொண்டு வந்தவர், தங்கச்சி” என்றார். இவரை அண்ணை தம்பி என்றுதான் சொல்வார்.

எந்த முறை என்று கேட்டேன். சண்டை முடிந்த வருடம் என்றார். வேட்டை முகாமில் துவக்கு உறையைத் திறந்தால் உள்ளே வெறுங்குழாய்தானாம். மறந்துவிட்டார் என்று மற்றவர்கள் சிரித்தார்களாம். அண்ணைக்கு மட்டும் நம்பிக்கையில்லை, தனிய எடுத்துக் கேட்டிருக்கிறார்.

“அவ இருக்கிற நிலைமையிலை கேக்கேலாது அண்ணை எண்டார். அப்ப பேணிக்குள்ளை இருக்கிறதை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாமே எண்டன். இல்லை, அது அவவின்ரை கையாலைதான் வரோணும் எண்டார். துவக்கை வீட்டிலை விட்டிட்டு வந்தால், உம்மாலைதான் தன்ரை வேட்டை கெட்டது எண்டு நீர் நினைச்சு வேதனைப்படுவீராம். அந்தக் கிழமை முழுக்க எங்களுக்குச் சமைச்சுப் போட்டார்.”

தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அறைக்குள் போனேன். அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்து அழுதேன். அவர் எடுக்கவேயில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை, அவரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. இருக்கும்போது சொல்லாத நன்றியை எல்லாம் அந்தச் சாரத் துண்டிடம் சொன்னேன். எனக்காக எத்தனையோ செய்தார் அந்த மனிதர். எல்லாவற்றிலும் பெரியது, பூட்டில்லாத ஒரு பேணியைத் திறக்காமல் விட்டதுதான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, பேணியை அண்ணைக்கு முன்னால் மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். போல்ட் அவருக்குக் கையெட்டுகிற தூரத்தில் இருந்தது. அண்ணை அதைத் தொடவில்லை. மெல்ல எழும்பி நின்று வலது கையை நீட்டினார்.

எடுத்துக் கொடுத்தேன். “வாறன் தங்கச்சி” என்றார்.