விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு

என் மகள் வயிற்றிலேயே இறந்துதான் பிறந்தாள். கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். எனக்கு ரத்தம் நிற்காததால் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். நினைவு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, தலை முழுகின ஈரத்தோடு என் கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யார்மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஓர் ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே கேள்விதான். அவள் இப்போது எங்கே இருக்கிறாள்? நான் போய்ச் சேரும்போது அவளைப் பார்ப்பேனா? என் கணவர் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் அவருக்கு ஓடாது. அவருடையது மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம், என்னுடையது மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போகிற குடும்பம். காதலித்துக் கட்டிக்கொண்டோம். ரெண்டு பக்கமும் சாமி இருக்கு, நமக்கு டபுள் பாதுகாப்பு என்று கல்யாணமான புதிதில் கேலி பேசுவார்.

முதலில் என் அம்மாவிடம் கேட்டேன். அம்மா பழைய ஞானோபதேசம் படித்தவள். ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தை மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, லிம்போ என்று ஓரிடம் உண்டு, அங்கே வலி கிடையாது, கடவுளை மட்டும் பார்க்க முடியாது என்று அந்தக் காலத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை என்னிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நர்சம்மா ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்திருந்தாலும் போதுமே என்று மட்டும் திரும்பத் திரும்பப் புலம்பினாள். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஆனால் உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எரிச்சலில் கொஞ்ச காலம் அவளோடு பேசாமல் இருந்தேன்.

பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். இளம் வயது, நல்ல மனிதர். லிம்போவையெல்லாம் இப்போது யாரும் போதிப்பதில்லை, அது விசுவாசத்தின் பகுதியாக ஒருநாளும் இருந்ததில்லை என்றார். அப்படியானால் அவள் எங்கே என்று கேட்டேன். கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்றார். நான் விடவில்லை.

"நிச்சயமா மோட்சத்துல இருக்காளா ஃபாதர்?"

"நம்பிக்கையோட இருப்போம்மா."

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டு ஆறுதலாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் ஞானோபதேச வகுப்பில் முதல் பரிசு வாங்கினவள், அதுதான் வினை. ஊரில் மற்றவர்களுக்கு நம்பிக்கை என்று ஒரே சொல்தான். எங்களுக்கு விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. விசுவாசம் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாதது. மரித்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எழுந்து நின்று சத்தமாகச் சொல்வது. நம்பிக்கை என்பது இன்னும் கைக்கு வராத ஒன்றுக்காகக் காத்திருப்பது. அவர் விசுவசிக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாத சாமியார் எனக்கென்று வந்து வாய்த்தார்.

என் மாமியாருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. "அதுக்கு இருந்த கர்மம் அவ்ளோதான், வயித்துக்குள்ளயே கழிச்சிட்டு போயிடுச்சி. உன்கிட்டயே திரும்ப வந்து பொறக்கும் பாரு" என்றார். சொன்ன பிறகுதான் கர்ப்பப்பை இல்லாதது அவருக்கு ஞாபகம் வந்தது. நான் சாப்பிட்டு முடிக்காத தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆனால் அந்தப் பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் எந்தக் கைக்குழந்தையைப் பார்த்தாலும் மனசு மாதங்களை எண்ண ஆரம்பித்துவிடும். ஒருநாள் பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மாவின் பேத்தி என்னையே முறைத்துப் பார்த்தது. நான் நகரவே இல்லை. வாங்கப்போகிறாயா, இல்லை வழி விடுகிறாயா என்று அந்தம்மா கேட்ட பிறகுதான் கால் எடுத்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அவள் வேறு ஒருத்திக்குப் பிறந்து, அவளை அம்மா என்று கூப்பிடப்போகிறாள் என்றால் அந்த மறுபிறவி எனக்கு எதற்கு?

சேதராப்பட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். திரும்ப வேலைக்குப் போனபோது ஆபீஸில் இருக்கிற ஒரு பெண், தியான முகாமுக்கெல்லாம் போய் வருகிறவள், துன்பத்துக்கு ஆசைதான் காரணம் என்று புத்தர் சொல்லியிருக்கிறார், பற்றை விட்டுவிடுங்கள் அக்கா என்றாள். என் கையில் ஒரு நிமிஷம்கூடக் கொடுக்கவில்லை, எதை விடுவது என்று கேட்டேன். கொஞ்சம் காரமாகத்தான் கேட்டுவிட்டேன்.

என் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவள் ஒரு முஸ்லிம் பெண். அவளும் வயிற்றிலேயே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். பொறுமையாக இருக்கும் தாயை, அந்தப் பிள்ளை தன் தொப்புள்கொடியாலேயே சொர்க்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் என்று தங்கள் நபி சொல்லியிருப்பதாக அவள் சொன்னாள். என் மகளின் உயிரைக் குடித்ததும் அந்தக் கொடிதான். இருந்தாலும் நான் கேட்டதிலேயே இதுதான் எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளை தேடி வருகிறது, விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

"என்னையும் இழுத்துட்டுப் போவாளா?" என்று கேட்டேன்.

அவள் கை வேலையை நிறுத்தியது. "அல்லாவுக்குத்தான் தெரியும்க்கா" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அன்று மதியம் அவள் தன் டப்பாவில் இருந்த கறியில் பாதியை என் பக்கம் தள்ளினாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. அம்மாவோடு அப்பாவின் கல்லறைக்குப் போனேன். சுண்ணாம்பு அடித்த கல்லறைகள், சாமந்தி மாலை, மெழுகுத்திரி, ஊரே அங்கேதான். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். அப்பா இங்கே இருக்கிறார் என்று அம்மாவால் விரல் நீட்டிக் காட்ட முடிந்தது. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும், மகளைப் புதைத்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கணவரைக் கேட்டேன். இதுவரை கேட்டதில்லை. அவர் மறுத்துப் பேசாமல் வண்டியை எடுத்தார்.

சுடுகாட்டுக்குப் பக்கத்தில் குழந்தைகளைப் புதைக்கிற மண். கல் வைக்கிற வழக்கம் கிடையாது. மழை பெய்து எருக்கு மண்டிக் கிடந்தது. இங்கேதான் என்று ஓரிடத்தைக் காட்டினார். பிறகு நாலடி தள்ளிப்போய், இல்லை, இங்கே என்றார். வேப்பமரம் ஒன்று இருந்ததாம், அதைக் காணோம். கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டேன்.

இடம் போனால் போகட்டும், அவள் எப்படி இருந்தாள் என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றியது. அதைக் கேட்கவும் இவ்வளவு நாள் எனக்குத் துணிச்சல் இல்லை.

"யாரு சாயல்? உன்ன மாதிரியா, என்ன மாதிரியா?"

அவர் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பாக்கலம்மா. துணில சுத்திக் குடுத்தாங்க. தொறந்து பாத்தா என்னால மண்ணு போட முடியாதுன்னு அப்படியே வெச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. நானாக இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. மறுபிறவி இருக்கட்டும், சொர்க்கம் இருக்கட்டும், கடைசி நாளில் எல்லோரும் எழுந்தே வரட்டும். அவர்கள் சொன்னதில் எது உண்மையாக இருந்தாலும், அவளே என் எதிரில் வந்து நின்றாலும், அவள்தான் என் மகள் என்று எனக்குத் தெரியாது.